மாற்றுத் தீவனம்: ஈரத்தைக் கழித்தால் மிச்சம் என்ன?

தொட்டியிலிருந்து ஒரு கிலோ அசோலாவை அள்ளுங்கள். சாணி வாசம் போகக் கழுவி, சாக்கின் மேல் பரப்பி நிழலில் காயவிடுங்கள். சருகாகக் காய்ந்ததும் தராசில் வைத்தால் 70 கிராம் தேறுவது கடினம். மற்றதெல்லாம் தண்ணீர்.

அந்த 70 கிராமில் கால்பங்கு புரதம் என்று வைத்தால் 17 கிராம் வரும். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. "அசோலாவில் 25 சதவீதம் புரதம்" என்பது பொய்யல்ல. காய்ந்த அசோலாவுக்கு அது சரி. மாட்டுக்கு நாம் போடுவதோ பச்சையாக. தினம் இரண்டு கிலோ போட்டால் கொஞ்சம் தாதுவும் வைட்டமினும் சேரும், மாட்டுக்கு நல்லதுதான். ஆனால் அதை நம்பிப் புண்ணாக்கை நிறுத்தினால் பால் குறையும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் மாற்றுத் தீவனம் என்ற பேச்சு அடிக்கடி எழுவதற்குக் காரணம் எளிது. பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. பால் விலை இப்படி எப்போதாவது ஒருமுறை ஏறுகிறது. தவிடு, புண்ணாக்கு விலை அதற்காகக் காத்திருப்பதில்லை.

மேலைநாடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் மாடுகளைப் பற்றியது. நம் பக்கம் கறவை மாட்டைப் பற்றியது. இரண்டுக்கும் வயிறு ஒன்றுதான் என்பதால் கணக்கும் ஒன்றுதான்.

வயிற்றுக்குள் ஒரு தொட்டி

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். அவற்றில் பெரியதான முதல் அறை, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கும் நொதிக்கும் தொட்டி. மனிதனால் செரிக்க முடியாத வைக்கோல் நாரை அவை உடைக்கின்றன. யூரியாவில் உள்ள நைட்ரஜனைக்கூடப் புரதமாக மாற்றுகின்றன. ஆலைக் கழிவும் வயல் கழிவும் பாலாக மாறுவது இந்த அறையின் தயவில்தான்.

அதே அறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. திடீர் மாற்றத்தை அது தாங்காது. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியில் அண்டாப் பொங்கலை முன்னால் வைத்துவிட்டு, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடும் வீடுகள் வருடந்தோறும் உண்டு. வெந்த அரிசி வேகமாக நொதித்து அமிலம் பெருகுகிறது. நல்ல நுண்ணுயிர்கள் சாகின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்திப் படுத்துவிடுகிறது. சில மாடுகள் எழுவதே இல்லை. எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

நம் வயலில் கிடைப்பவை

தீவனத்தை வாங்குமுன் அது மாவுச்சத்துக்கா, புரதத்துக்கா, நாருக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வயிறு நிறையும், மடி நிறையாது.

மணிலாக் கொடி: நிலக்கடலைக்கு இங்கே மணிலா, மல்லாட்டை என்றுதான் பெயர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-ல் வந்த டி.எம்.வி. 2 நாடு முழுவதும் பரவிய ரகம்; அந்த மூன்றெழுத்தே திண்டிவனத்தின் சுருக்கம். காய் ஆய்ந்த பின் மிஞ்சும் கொடி, வைக்கோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் புரதம் உள்ள தீவனம். அந்தச் சத்து இருப்பது இலையில். சுள்ளென்ற வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டுக் கட்டினால் இலை உதிர்ந்து காம்புதான் மிஞ்சும். வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு, இலை ஒட்டியிருக்கும் பதத்தில் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். உள்ளே ஈரம் நிற்கவும் கூடாது. நின்றால் போரிலேயே பூசணம் பிடிக்கும்.

கொழுந்தாடை: கரும்பின் நுனித் தழை. முண்டியம்பாக்கம், பெரியசெவலை சர்க்கரை ஆலைகள் அரைக்கும் பருவத்தில் வெட்டுக் கழனியில் மலிவாகக் கிடைக்கும் பச்சை. மாடு விரும்பித் தின்னும். புரதம் குறைவு. அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், தொடர்ந்து போடுகிறவர்கள் தாது உப்பை விடக்கூடாது.

உளுந்து பொட்டு: பருப்பு ஆலையில் தோலோடு நொறுங்கிய பருப்பும் சேர்ந்து வருவது. உளுந்து அதிகம் விளையும் மாவட்டம் என்பதால் இங்கே எளிதில் கிடைக்கிறது. புரதமும் நாரும் கலந்த நடுத்தரச் சரக்கு. வெறும் தோல்தானா, பருப்பும் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்து வாங்க வேண்டும்.

திப்பி: ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை. கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் பக்கமிருந்து வருகிறது. மாவுச்சத்துக்கு நல்லது, காய்ந்த நிலையிலும் புரதம் 2, 3 சதவீதம்தான். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கு தரும் புரதத்தைத் திப்பியில் எடுக்க 15 கிலோவாவது வேண்டும். தவிட்டுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்க்கலாம். புண்ணாக்குக்குப் பதிலாக முடியாது.

கோடையில் மரக்காணம், திண்டிவனம் பக்கம் விலைபோகாத தர்பூசணியை மாட்டுக்கு வெட்டிப் போடுவது வழக்கம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயிலுக்கு இதம்; தீவனக் கணக்கில் சேராது.

வைக்கோலை மேம்படுத்தலாம்

கையிருப்பில் அதிகம் இருப்பது வைக்கோல். அதில் புரதம் 3, 4 சதவீதம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கு அடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைத்தால் புரதம் 7, 8 சதவீதத்துக்கு உயர்கிறது. யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நாரின் கட்டை இளக்குவதால் செரிமானமும் கூடுகிறது.

இதில் கண் மதிப்புக்கு இடமில்லை. யூரியாவை எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கரைசல் ஒரே இடத்தில் தேங்கக் கூடாது. பிரித்த வைக்கோலை ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, மூக்கைத் துளைக்கும் நெடி போன பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. யூரியா கரைத்த வாளி மாட்டின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

மலிவோடு வரும் நஞ்சு

1960-ல் பிரிட்டனில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது கிடைத்தது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கும் அதிலிருந்த பூசண நஞ்சும். அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அப்படிப் பிறந்தது. மணிலா விளையும் மண்ணுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. நல்ல பருப்பு தரம் பிரிந்து போக, சொத்தையும் சுருங்கியதும் எண்ணெய் ஆலைக்குப் போகின்றன. எண்ணெய் பிழிந்தபின் நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது.

மாடு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு பாலில் இறங்குகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் எடுத்து மறு ஆண்டு வெளியிட்ட பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அதிகம் தென்பட்ட மாநிலம் தமிழ்நாடு. தீவனம் வழியாகத்தான் அது பாலுக்கு வருகிறது என்பதையும் ஆணையம் சொன்னது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு நனைந்த வைக்கோல் போரையும் மூட்டையையும் மேலே காயவைத்துப் பயன்படுத்துவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். காய்ந்தால் பூசணம் சாகலாம். அது விட்டுப்போன நஞ்சு வெயிலுக்குப் போவதில்லை.

வேறு சில நஞ்சுகள் பயிரிலேயே உண்டு. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்திலும் அறுத்தபின் துளிர்க்கும் சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும்; பூ எடுத்தபின் அறுப்பது பாதுகாப்பு. பச்சை மரவள்ளி இலையிலும் தோலிலும் அதே நஞ்சு. நன்றாகக் காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும். சூபாபுல் தழை புரதம் மிகுந்தது, ஆனால் மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

புதிதாக வரும் மூட்டை

இப்போது தீவனக் கடைகளில் டி.டி.ஜி.எஸ். என்ற பெயர் அடிபடுகிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக அரிசி, மக்காச்சோளத்தை நொதிக்கவிட்டு, மிஞ்சும் சக்கையைக் காயவைத்தது. அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கு இது பல காலமாகப் போகிறது. மாவுச்சத்து சாராயமாகிவிட்டதால் மிச்சத்தில் புரதம் செறிவாக இருக்கிறது: மக்காச்சோளச் சரக்கில் 28 சதவீதம் அளவுக்கு, அரிசிச் சரக்கில் 45 சதவீதம் வரை.

புரதத்தைச் செறிவாக்கும் அதே வேலை பூசண நஞ்சையும் செறிவாக்குகிறது. தானியத்தில் இருந்ததைப் போல மூன்று மடங்கு சக்கையில் இருக்கும். ஈரத் தானியம் எத்தனால் ஆலைக்குப் போனால் விளைவு மூட்டையில் வரும்.

பூசணம் கண்ணுக்குத் தெரிந்தால் தூக்கி எறியலாம், நஞ்சு தெரியாது. புண்ணாக்கை உடைத்து மோந்து பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் வாசம் நன்றாக இருப்பதாலேயே சரக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. மாட்டுத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் 20 பங்கு. அதை மூக்கால் அளக்க முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. தனி ஆளுக்கு ஒரு மாட்டுக்காக மாதிரி அனுப்புவது கட்டாது. ஆனால் ஒரே கடையில் வாங்கும் தெருக்காரர்கள், ஒரே சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்கள் சேர்ந்து ஒரு மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினால் ஆளுக்குச் சில ரூபாய்தான் வரும். ஈரம், புரதம், அஃப்ளாடாக்சின் ஆகிய மூன்றுக்கும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் விலை பேசலாம்.