மயக்கமருந்தும் அகமணமும்

சென்ற ஆண்டு நியூ ஜேர்சியில் எனக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை நடந்தது. மயக்கமருந்து வைத்தியர் முதலில் கேட்டார்: "உங்கள் குடும்பத்தில் எவருக்காவது மயக்கமருந்தால் சிக்கல் ஏற்பட்டதுண்டா?" ஒருகாலத்தில் இரசாயனவியல் விரிவுரையாளன், இன்று பொதியிடும் தொழிற்சாலைத் தொழிலாளி, இரண்டு அனுபவமும் உதவவில்லை. என் பெரியப்பா ஊரில் சத்திரசிகிச்சைக்குப் பின் கண்விழிக்கவேயில்லை. "விதி" என்றார்கள். காரணத்தை எவரும் கேட்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

அக்கேள்வி வெறும் சம்பிரதாயமல்ல. சுவாசக்குழாய் செலுத்துமுன் தசைகளைத் தளர்த்தச் சிலவேளை சக்சினைல்கோலின் ஏற்றுவார்கள். குருதியிலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியம் அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்நொதியம் பிறவியிலேயே இல்லாதவருக்குத் தசைகள் மணிக்கணக்கில் செயலிழந்து கிடக்கும். தானாக மூச்சுவிட முடியாது. இம்மருந்து தசையைக் கட்டுமேயன்றி நினைவைக் கட்டாது. தூக்கமருந்து தணிந்தால், நோயாளி விழித்திருந்தும் விரலசைக்க முடியாமல் கிடப்பார். மருந்து அகலும்வரை செயற்கைச் சுவாசமும் தூக்கமும் கொடுத்துக் காக்கவேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் வேறு மருந்து உண்டு. ஆனால் இவர்கள் மற்றபடி ஆரோக்கியமானவர்கள். மருந்து ஏறும்வரை குறை வெளித்தெரியாது.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் தென்னிந்தியாவின் வைசிய சமூகம். அங்கு இக்குறை ஏனையோரிலும் சுமார் 100 மடங்கு அதிகம். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்க ஆய்வாளருடன் இணைந்து, 2006இல் காரணத்தை வெளியிட்டனர்: நொதியத்தின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின். அம்மாற்றம் தோன்றியது தற்செயல். அது ஒரு சமூகத்துக்குள்ளேயே தேங்கியது தற்செயலல்ல. அச்சமூகம் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக அநேகமாக உள்ளேயே மணம்செய்து வந்ததை மரபணுக்கள் காட்டுவதாக டேவிட் ரைக் 2018இல் வெளிவந்த நூலில் எழுதுகிறார்.

சாதி வெறும் கருத்தியல் என்று வாதிட்டவர்களில் நானும் ஒருவன். அது நொதியத்திலும் எழுதப்படுகிறது என்பதை அப்போது அறியேன். இதில் அச்சமூகத்தைச் சுட்டிப் பேச நமக்கு அருகதையில்லை. அகமணம் நமது வழக்கமும்தான். நம்மிடம் எவரும் இவ்வளவு தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

என் குருதியில் நொதியம் போதியளவு இருந்தது. பெரியப்பாவின் கதை இனித் தெரியவராது, துண்டுச்சீட்டுக்கூட மிஞ்சவில்லை. நாடு நாடாகச் சிதறிய பின்னும் கலியாணப் பேச்சில் மூன்று தலைமுறைச் சாதியை விசாரிக்கிறோம். அந்த மூன்று தலைமுறையும் எதனால் செத்தது என்று விசாரிப்பதில்லை. இந்த விசாரணையையாவது இனித் தொடங்குவோம்.