கல்லெழுத்தும் கணினியெழுத்தும்

நுழையும்முன்

கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. கணினியில் தட்டச்சிட்ட எழுத்தோ, பத்தாண்டுகளுக்குள் படிக்க இயலாததாகி விடுவதுண்டு. அதன் காரணத்தையும் தீர்வையும் இப்பாடம் விளக்குகிறது.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை ஒட்டி அமைந்த ஊர் மணிமங்கலம். அங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. படிப்பவரே இடம் நோக்கிப் புள்ளியை உணர்ந்துகொள்வார். கணினிக்கு அவ்வாறு உய்த்துணரும் ஆற்றல் இல்லை. எல்லாவற்றையும் நாமே வரையறுத்துத் தர வேண்டும்.

எண்ணும் எழுத்துருவும்

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. எழுத்துக்கு எண் வழங்கும் முறை குறியேற்றம் எனப்படும். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரையிலும் தாளிலும் காட்டுவது எழுத்துரு. முற்காலத்தில் எழுத்துருதோறும் எண்கள் வேறுபட்டன. இக்குழப்பத்தைக் களையத் தமிழக அரசு 1999இல் டாம், டாப் ஆகிய குறியேற்றங்களை ஏற்றது. உலகத் தமிழர் இணையத்தில் டிஸ்கி முறையையும் பயன்படுத்தினர். உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தமிழக அரசு 2010இல் தரமாக அறிவித்தது.

பிழையின் வகைகள்

நூல் அச்சுக்கோக்கும்போது எழுத்துச் சிதைவு நேர்ந்தால், அதன் தோற்றமே காரணத்தைக் காட்டிவிடும்.

1. பொருளற்ற உரோமன் எழுத்துகள் தோன்றினால், உரை பழைய குறியேற்றத்தில் உள்ளது. உரிய மாற்றியால் அதனை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

2. கட்டங்களோ வெற்றிடமோ தோன்றினால், தேர்ந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை. டொனால்டு குனூத் உருவாக்கிய டெக் அச்சுக்கோப்பு முறையின் வழிவந்த ஜீடெக் ஒருங்குறியை ஏற்கும். எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டாலும் அது பணியை நிறுத்தாமல் தொடரும்; குறையைப் பதிவுக் கோப்பில் மட்டும் குறித்துவைப்பதுண்டு. எனவே பதிவுக் கோப்பைப் படிக்காமல் அச்சுக்கு அனுப்பலாகாது.

3. ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்திற்குப் பின் நின்றால், வடிவாக்கம் நிகழவில்லை. ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படுகின்றன. அவற்றை இடம் மாற்றிக் காட்டுவது வடிவாக்கியின் பணி. ஜீடெக்கில் எழுத்துருவை அறிவிக்கும்போது, எழுத்துமுறை ‘தமிழ்’ என்பதையும் குறிக்க வேண்டும். லுவாடெக்கில் ஹார்ஃப்பஸ் வடிவாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐயத்திற்கிடமான உரையை வேறொரு செயலியில் ஒட்டிப் பார்ப்பது எளிய சோதனை. அங்குச் செம்மையாகத் தோன்றினால், பெரும்பாலும் குறை உரையில் இல்லை. அச்சுக்கோப்பின் அமைப்பிலேயே உள்ளது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

‘ஔ’ என ஓரெழுத்தாக இடாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டாலும், காலுக்கு மாறாக ரகரத்தை இட்டாலும் கண் எளிதில் வேறுபாடு காணாது. கணினிக்கு அவை வேறு எண்கள். ‘ஔவை’ என்னும் பெயர் பதிவேட்டில் அவ்வாறு பிழைபடப் பதிந்திருந்தால், தேடும்போது அப்பெயர் கிடைக்காது. மதிப்பெண் சான்றிதழிலும் நிலப்பதிவிலும் இத்தகைய பிழை ஒருவருடைய உரிமையையே அலைக்கழிக்கும். எழுத்துருவை மாற்றுவதால் இப்பிழை நீங்காது. தட்டச்சிடுபவரின் கவனமே இதற்கு மருந்து.

கல்லில் எழுதியவன் உளியைக் கருத்துடன் கையாண்டான். விசைப்பலகையைக் கையாளும் நாமும் அத்தகைய பொறுப்புடன் எழுதுவோமாயின், நம் எழுத்தும் பின்வரும் தலைமுறையினர்க்குப் பயன்படும்.