கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

கார்புரேட்டர் வைத்த பழைய பிக்கப் வண்டிக்காரர்களோடு அமெரிக்காவில் பேச உட்கார்ந்தால் ஒரு புகார் கட்டாயம் காதில் விழும். வெயிலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று அணைந்துவிடும். எத்தனை முறை சாவியைத் திருகினாலும் பிடிக்காது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால், எதுவுமே நடக்காததுபோல் ஒரே திருகலில் கிளம்பிவிடும். உடனே கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "வேப்பர் லாக். கார்புரேட்டரை மாத்திடு."

அந்தப் பேச்சை நம்பிப் புதுக் கார்புரேட்டர் வாங்கிப் பூட்டியவர்கள் பலர். அடுத்த வெயிலில் வண்டி அதே மாதிரி நிற்கும். இது ஒரு டம்ளர் டீயில் முடிகிற பேச்சு இல்லை. ஆனால் நிதானமாகப் புரிந்துகொண்டால் கைக்காசு மிஞ்சும், நல்ல வண்டி ஒன்றும் பிழைக்கும்.

ஒரு வண்டியைக் கண்முன் வைத்துக்கொள்வோம். ஃபோர்டு எஃப்-150. ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப்புகள் 1948-இலேயே வந்துவிட்டன. எஃப்-150 என்ற பெயர் 1975-இல் சேர்ந்தது. நம் வண்டி எழுபதுகளின் கடைசியில் வந்தது. பானெட்டைத் தூக்கினால் 300 கன அங்குல இஞ்சின், அதாவது 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில். 1965 மாடலில் தொடங்கி 1996 வரை ஃபோர்டு இந்த இஞ்சினைச் செய்தது. ஏழு மெயின் பேரிங்குகள். கேம் ஷாஃப்டைச் சுற்றுவது செயின் இல்லை, பல்சக்கரம். செயின் தளரும் தொல்லையே கிடையாது. வேகத்துக்குப் பேர்போன இஞ்சின் இல்லை. சுமை இழுக்க, நாள் முழுக்க உழைக்க, இதைவிட நம்பிக்கையான பெட்ரோல் இஞ்சின்கள் குறைவு என்பது என் கருத்து. 1987-இல் ஃபியூவல் இஞ்செக்‌ஷன் வரும்வரை இதற்குப் பெட்ரோல் ஊட்டியது பெரும்பாலும் கார்ட்டர் ஒய்.எஃப். என்ற ஒற்றைக் குழல் கார்புரேட்டர். எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டரோடு இணைந்த வகை ஒன்றும் வந்தது. அதன் வைத்தியம் வேறு. இங்கே அதைத் தொடவில்லை.

கார்புரேட்டருக்குள் நடப்பது சிக்கலான காரியம் இல்லை. இஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. குழலின் குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறி, துளித்துளியாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது எடைக்கணக்கு. வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மிதக்கும் பந்து தண்ணீர் நிரம்பியதும் குழாயை அடைப்பதுபோல, கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிறைந்ததும் அது ஊசியைத் தூக்கிப் பெட்ரோல் வரும் வாயை மூடும். ஆக்சிலரேட்டரை அழுத்திய கணத்தில் கூடுதலாக ஒரு பீச்சு பெட்ரோல் தர ஒரு சின்ன பம்ப் உண்டு. குளிரில் கலவையைக் கெட்டியாக்கச் சோக். நம் ஊரில் புல்லட்டோ அம்பாசிடரோ வைத்திருந்தவர்களுக்கு இவற்றில் பல கைபட்டுப் பழகியவைதான்.

இனி அந்தச் சாலையோரத்துக்கு வருவோம். அரிசோனா வெயில், வண்டி நின்றுவிட்டது. இந்த முதல் 5 நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. வண்டி குளிர்ந்துவிட்டால் நோயின் அடையாளமும் போய்விடும். அதனால் பானெட்டைத் திறந்து காற்று வாங்க விட்டுவிட்டு நிழலில் போய் உட்காராதீர்கள். இரண்டே கேள்விகள் கேட்க வேண்டும்: பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா?

முதல் கேள்விக்கு, இஞ்சின் ஓடாத நிலையில், சாவியை அணைத்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி வையுங்கள். டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் குழலுக்குள் பார்த்தபடி, திராட்டிலை கையால் ஒருமுறை திறந்து மூடுங்கள். பெட்ரோல் ஒரு கோடாகப் பீச்சியடித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. சிகரெட்டோ நெருப்போ அருகில் வேண்டாம். வேறொருவர் செல்ஃப் அடிக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் குழலுக்கு நேராக முகத்தை நீட்டாதீர்கள். பின்னடித்தால் தீ மேலேதான் வரும். வண்டியில் ஒரு தீயணைப்பான் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விக்கு ஸ்பார்க் டெஸ்டர் என்ற சின்னக் கருவி போதும். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி அதில் மாட்டி, நல்ல எர்த்தில் பிடிக்க வைத்து, கூட இருப்பவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சத்தத்தோடு பொறி தாவினால் கரண்ட் இருக்கிறது. மஞ்சளாகச் சோம்பியோ, வராமலோ போனால் கார்புரேட்டரை மறந்துவிடுங்கள். அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இந்த ஃபோர்டுகளில் கரண்ட் போவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எழுபதுகளின் நடுவில் பாயிண்ட், கண்டென்சரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்தார்கள். டியூராஸ்பார்க் என்று பெயர். மட்கார்டின் உட்புறத்தில் ஒரு சின்ன உலோகப் பெட்டி பூட்டியிருக்கும்; ஒயர்கள் வெளியே வரும் இடத்தில் ரப்பர் அடைப்பு நீல நிறத்தில் இருந்தால் அது டியூராஸ்பார்க் 2. இந்தப் பெட்டி பழசானால் சூட்டில் படுத்துவிடும், ஆறினால் எழுந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயிலும் அப்படித்தான். சில வண்டிகளில் குற்றவாளி அதுவும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோன எர்த் ஒயர். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் முழுசாகவே தெரியும். வேப்பர் லாக் காட்டும் அதே அடையாளத்தை இவை அத்தனையும் காட்டும் என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது.

சரி, கரண்ட் இருக்கிறது, பீச்சு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் வேப்பர் லாக்கைப் பற்றி நினைக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் இஞ்சின் பக்கவாட்டில் பூட்டியிருக்கிறது. அது பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது; உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்குபவை. பம்ப் ஆவியை இழுக்கத் தொடங்கினால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. குளிர்காலத்துக்கென்று விற்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்பட்டது. அது டேங்கில் கிடக்கும்போதே வெயில் ஏறிவிட்டால் தொல்லை அதிகம். பெட்ரோல் குழாயில் துணி மாட்டும் மரக் கிளிப்புகளை வரிசையாகக் கவ்வ விடுவது அங்கே ஒரு பழைய கைவைத்தியம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, சூடு தடுக்கும் உறை போடுவது பலன் தரும்.

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் ஏராளம். வண்டி ஓடும்போது நின்றால் ஒரு கதை. நீங்களே அணைத்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபின் பிடிக்க மறுத்தால் வேறு கதை. இந்த இஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் அடுப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றே சொல்லலாம். அணைத்த பிறகு காற்றும் ஓடாது, புதுப் பெட்ரோலும் வராது. கிண்ணத்தில் இருப்பது கொதித்து இன்டேக்கில் சொட்டும். அங்கே பெட்ரோல் அதிகம், குறைவு இல்லை. ஆக்சிலரேட்டரைத் தட்டித் தட்டி ஸ்டார்ட் செய்தால் வெள்ளத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்து, அசைக்காமல், செல்ஃப் அடியுங்கள். காற்று உள்ளே போய்க் கூடுதல் பெட்ரோலை வெளியேற்றும். கார்புரேட்டருக்குக் கீழே சூட்டைத் தடுக்கும் தடித்த ஸ்பேசர் ஒன்று போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பீச்சு இல்லையென்றால் வேப்பர் லாக் என்று முடிவுகட்டுவதற்கு முன்னாலும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று டேங்க் மூடி. மூடியின் காற்று வழி அடைத்திருந்தால், ஓட ஓட டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போகும். நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தால் மருந்து அந்த மூடியில்தான். இன்னொன்று ரப்பர் ஹோஸ். பழைய ரப்பர் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது. உள்சுவர் ஊறி உரியும், வெளியே வெடிக்கும். ஒரு ஊசிமுனை வெடிப்பு போதும், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்க. உறிஞ்சும் பக்கம் என்பதால் கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாது. அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், நம் ஊர்ப் பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்களும் ஹோஸையும் மிதவையையும் கவனிப்பது நல்லது.

நம் ஃபோர்டில் இரண்டு டேங்க் இருந்தால் அதிர்ஷ்டம். வண்டி தடுமாறும்போது டாஷ்போர்டு சுவிட்சை அடுத்த டேங்குக்கு மாற்றுங்கள். தடுமாற்றம் நின்றுவிட்டால் கோளாறு முதல் டேங்கிலோ அதன் குழாயிலோ இருக்கிறது. பம்பும் கார்புரேட்டரும் தப்பின. காசு செலவில்லாத இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. பம்பின் மேலேயே சந்தேகம் என்றால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். 30 நொடிக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் வர வேண்டும். அப்படியே ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாபிரம் கிழிந்து, பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

நிற்பதில்லை, ஆனால் ஐடிலிங் சரியில்லை, இழுவை இல்லை என்றால் நான் முதலில் எடுப்பது வேக்கம் கேஜ். கடல் மட்டத்தில், சூடான இஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்டி முள் அசையாமல் நிற்க வேண்டும். உயரத்தில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஒரு அங்குலம் குறையும். டென்வரில் 15 காட்டினால் பயப்பட வேண்டாம். முள் அசையாமல் தாழ்ந்தே நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கும் அல்லது எங்கோ ஏர் இழுக்கும். தாளம் தப்பாமல் ஒரே இடத்தில் முள் துள்ளினால் ஒரு வால்வு கருகியிருக்கலாம். கம்ப்ரஷன் பாருங்கள், மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதமாவது காட்ட வேண்டும். வால்வு போன இஞ்சினுக்குக் கார்புரேட்டர் டியூனிங் செய்வது வீண் வேலை.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கார்புரேட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டும். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும்வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஊசிமுனை நசுங்கிவிடும். ஒன்றரை, இரண்டு சுற்று வெளியே எடுத்து, வேக்கம் எங்கே அதிகம் காட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தடுமாறினால் பம்ப் பீச்சவில்லை. ஒய்.எஃப். வகையில் உள்ளே ஒரு டயாபிரம் இருக்கிறது. ஆக்சிலரேட்டர் பம்ப்பும் மீட்டரிங் ராடும் அதோடுதான் இணைந்திருக்கின்றன. அது கிழிந்தால் தடுமாற்றமும் வரும், இழுவையும் போகும். ரிப்பேர் கிட்டில் புதுசு கிடைக்கும்.

மற்ற வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. செவ்ரொலே வைத்திருப்பவர்கள் குவாட்ராஜெட் கார்புரேட்டரைத் திட்டுவது அநியாயம். நன்றாகச் செய்த கருவி அது. காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், கிண்ணத்தின் அடியிலுள்ள அடைப்புகள் வழியே ராத்திரி முழுக்கப் பெட்ரோல் கசிந்திருக்கும். எபாக்சி வைத்து அடைத்தால் தீரும். டொயோட்டா 22ஆர் இஞ்சின்காரர்களுக்கு ஒரு வசதி, கார்புரேட்டரிலேயே சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். மிதவையின் மட்டம் சரியா என்று திறக்காமலே பார்க்கலாம்.

கடைசியாக, கூட்டாளிகளிடம் யோசனை கேட்கப் போகும்போது "வண்டி நின்றுபோகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வருஷம், எந்த இஞ்சின், நின்ற கணத்தில் பீச்சு இருந்ததா, கரண்ட் இருந்ததா என்று சொல்லுங்கள். கார்புரேட்டரின் மேல்மூடி ஸ்க்ரூ ஒன்றில் ஒரு சின்னத் தகட்டுச் சீட்டு தொங்கும். அதில் டி8டிஇ என்று தொடங்கினால் டி8 என்பது 1978, அடுத்த டி என்பது டிரக். சரியான கிட்டும் சரியான ஜெட்டும் அந்த எண்ணை வைத்துத்தான் கிடைக்கும். முன்னால் கழற்றியவர்கள் பல வண்டிகளில் அதை எறிந்துவிட்டார்கள். உங்கள் வண்டியில் இன்னும் இருந்தால் இன்றைக்கே படம் எடுத்து வைத்துவிட்டு, அதே ஸ்க்ரூவில் திரும்ப மாட்டுங்கள். பழைய கார்புரேட்டரையும் குப்பையில் போடாதீர்கள். மலிவாக வரும் நகல்களைவிட, நன்றாகக் கழுவிப் புதுக் கிட் போட்ட பழைய கார்ட்டரே அந்த இஞ்சினுக்குப் பொருந்தும்.