கணக்கு போட்ட தத்துவப் பேராசிரியர்!

குட்டீஸ், அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் திருத்தணி லோக்கல் ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரயில் போய்ச் சேரும் திருத்தணியில்தான் 1888 செப்டம்பர் 5ம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தார். தத்துவப் பேராசிரியராக இருந்து ஜனாதிபதி ஆனவர். அவர் பிறந்த நாளைத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 3ம் தேதி, இன்னொரு தத்துவப் பேராசிரியரின் பிறந்த நாள் வருகிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ராதாகிருஷ்ணன் வகித்த பேராசிரியர் பதவியில் அவருக்கு முன்பு இருந்தவர் இவர்தான். கணக்கிலும் புலி! பெயர், பிரஜேந்திரநாத் சீல்.

சீல், 1864ல் கல்கத்தாவில் பிறந்தார். கல்லூரியில் அவரோடு படித்தவர்களில் ஒருவர் நரேந்திரநாத். யார் தெரியுமா? பின்னாளில் சுவாமி விவேகானந்தர் ஆனாரே, அவர்தான்!

பத்தாவது முடித்ததும், 'எந்த குரூப் எடுப்பது?' என்று அண்ணன், அக்காக்கள் குழம்புவார்கள் அல்லவா? சீலுக்கும் அப்படி ஒரு கட்டம் வந்தது. கணக்கு நன்றாக வரும், தத்துவமும் பிடிக்கும். எம்.ஏ.,வுக்குத் தத்துவத்தை எடுத்து, 1884ல் தேறினார்.

'அய்யோ, கணக்கு போச்சே!' என்கிறீர்களா? அதுதான் இல்லை. கணக்கை அவர் விடவே இல்லை.

நாக்பூரிலும், வங்காளத்திலும் கல்லூரிகளில் பாடம் நடத்தினார். கூச் பிகார் விக்டோரியா கல்லூரியில், 1896 முதல் 1913 வரை முதல்வராக இருந்தார். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் ஆனார். பழங்கால இந்தியர்கள் வேதியியல், இயக்கம், ஒலி, தாவரங்கள், விலங்குகள் பற்றி என்னவெல்லாம் அறிந்திருந்தார்கள் என்று 1915ல் ஒரு புத்தகம் எழுதினார். எழுதியவர் தத்துவப் பேராசிரியர் என்பதை மறந்து விடாதீர்கள்!

இனிதான் முக்கியமான விஷயம். 1917ல், பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளை ஆராய வேண்டும் என்று சீல் விரும்பினார். குவியல் குவியலாக மதிப்பெண்கள்! அவற்றிலிருந்து உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போமா? 'ஏ' பிரிவில் மூன்று பேர் 58, 60, 62 மதிப்பெண் எடுத்தார்கள். 'பி' பிரிவில் மூன்று பேர் 20, 60, 100 எடுத்தார்கள். கூட்டி, மூன்றால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்குமே சராசரி 60தான். ஆனால், 'பி' பிரிவில் ஒரு மாணவன் தத்தளிக்கிறானே! சராசரியை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு அவன் கண்ணில் படவே மாட்டான். மதிப்பெண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். இப்படி எண்களைப் பேச வைக்கும் கலைக்குத்தான் புள்ளியியல் என்று பெயர்.

இந்த வேலைக்கு சீல் ஓர் இளைஞரை அழைத்தார். அவர் மகலனோபிஸ். கல்கத்தாவில் இயற்பியல் ஆசிரியர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தபோது, நம் கணித மேதை ராமானுஜத்தோடு நட்பாகப் பழகியவர். புள்ளியியலில் அப்போதுதான் அவருக்கு ஆர்வம் பிறந்திருந்தது. அந்த ஆர்வத்துக்கு சீல் வேலை கொடுத்தார், ஊக்கமும் கொடுத்தார்.

அந்த விதை மரமானது. 1931ல் மகலனோபிஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்று, ஒவ்வொரு வயலாக அளக்காமலே, சில இடங்களை மட்டும் ஆராய்ந்து கணக்கிட்டுக் காட்டினார். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று பாட்டி சொல்வாரே, அதேதான்! ஆனால், எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பது என்பதற்கு அங்கே கணக்கு உண்டு. மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29ம் தேதியை, 2007 முதல் தேசிய புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

1921ல் ஒரு வேடிக்கை நடந்தது. சீல், மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் போனார். அதே மைசூரில் பேராசிரியராக இருந்த ராதாகிருஷ்ணன், கல்கத்தாவுக்கு சீலின் இடத்துக்கு வந்தார்!

மைசூரில் 1930 வரை பணியாற்றிய சீல், 1938ல் காலமானார். அவரைப் பற்றி இன்று பலருக்குத் தெரியாது. ஆனால், அவர் தட்டிக் கொடுத்த இளைஞரை நாடே அறியும். நல்ல ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன பரிசு?

குட்டீஸ், நாளைக்கு நீங்கள் எந்த குரூப் எடுத்தாலும், மற்ற பாடங்களைப் பரண்மேல் தூக்கிப் போட்டு விடாதீர்கள். எது எப்போது கைகொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த தேர்வு பேப்பர் கைக்கு வந்ததும், உங்கள் நண்பர்களின் மதிப்பெண்ணுக்கு சராசரி போட்டுப் பாருங்கள். அதோடு, '20' எடுத்த நண்பன் யார் என்றும் பாருங்கள். அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால், அன்றைக்கு நீங்களும் ஓர் ஆசிரியர்தான்!