சும்மா கிடந்த கட்டடத்துக்கு தினம் 18,000 டாலர்!

உங்கள் ஆபீஸில் ஒரு சீலிங் ஃபேன் வாங்க வேண்டும். என்ன நடக்கும்? மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். அக்கவுண்ட்ஸ் ஆசாமி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மூன்றையும் திருப்பி அனுப்புவார். ஃபேன் வருவதற்குள் வெயில் காலமே போய்விடும்.

12 கோடியே 70 லட்சம் டாலருக்கு ஒரு கட்டடத்தை எடுத்தவர்கள், தங்கள் சார்பில் தனியாக ஒரு நிபுணரை வைத்து அதைச் சோதிக்கவில்லை என்றால் நம்புவீர்களா ஸார்?

சங்கதி நடந்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் ஸான் டியாகோ நகரத்தில். கட்டடத்தின் பெயரே அதன் விலாசம்தான் - 101, ஆஷ் தெரு. 1960-களில் கட்டிய உயரமான ஆபீஸ் கட்டடம். ஸெம்ப்ரா எனர்ஜி என்ற பெரிய கம்பெனி இருந்துவிட்டுக் காலி செய்த இடம். மாநகராட்சிக்கோ இட நெருக்கடி. 2016 அக்டோபரில் கவுன்சில் கூடி சரி என்று சொல்லிவிட்டது. ஸிஸ்டெரா என்கிற கம்பெனியுடன் ஒப்பந்தம். இருபது வருஷம் வாடகை கட்டினால் கடைசியில் கட்டடம் மாநகராட்சிக்குச் சொந்தம். நம்ம ஊரில் தவணையில் ஃபிரிட்ஜ் எடுப்போமே, அந்த மாதிரி. ரிப்பேர் வந்தால் அது வாடகைக்கு இருப்பவர் தலையில்!

கட்டடம் எப்படி இருக்கிறது? அற்புதமாக இருக்கிறது என்றார்கள். வெளிச்சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஒரு பத்தாயிரம் டாலர் போதுமாம்!

கழுவி முடிக்கவில்லை. உள்ளே கோடிக்கணக்கில் செலவு செய்து இடித்துக் கட்டினார்கள். அப்போது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கிளம்பிவிட்டது. மூச்சில் போனால் நுரையீரலைப் பதம் பார்க்கிற சமாசாரம். 2019 டிசம்பரில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் குடியேறினார்கள். 2020 ஜனவரியில் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாற்காலி சூடாவதற்குள் டிரான்ஸ்ஃபர்! வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மாசம் 5 லட்சத்து 35 ஆயிரம் டாலர், அதாவது தினம் சுமார் 18,000. அதே வருஷம் செப்டம்பரில்தான் மாநகராட்சி வாடகையை நிறுத்தியது. அப்புறம் வழக்குக்கு மேல் வழக்கு.

இங்கே என் சின்ன மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாம்பரம் பக்கம் ஒரு கிரவுண்ட் வாங்கக் கிளம்பியபோது அவர் புரோக்கரிடம் கேட்ட முதல் கேள்வியே, “ஏம்ப்பா, நீ கமிஷன் எங்கிட்ட வாங்கறியா, அவர்கிட்ட வாங்கறியா?” என்பதுதான். புரோக்கர் தலையைச் சொறிந்துகொண்டு, “ரெண்டு பேர்கிட்டயும்தான் ஸார்” என்றார். சரி, தெரிந்துபோச்சு. அதற்குத் தகுந்தாற்போல் அவர் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்து கேட்டுக்கொண்டோம்.

ஸான் டியாகோவில் மாநகராட்சிக்கு ஆலோசனை சொன்னவர் ஜேசன் ஹியூஸ் என்ற ரியல் எஸ்டேட் புள்ளி. மாநகராட்சியிடம் சம்பளம் கிடையாது, வாலண்டியர் என்றார்கள். 2021 ஜூனில் வழக்கைக் குடைந்தபோது வெளியே வந்தது: ஆஷ் தெரு, இன்னொரு கட்டடம் என இரண்டு பேரத்துக்கும் சேர்த்து ஸிஸ்டெரா அவருக்குக் கொடுத்தது 94 லட்சம் டாலர்! எங்களுக்குத் தெரியவே தெரியாது என்றது மாநகராட்சி. அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்றார் ஹியூஸ்.

அடுத்த மாசமே மாநகராட்சி ஆடிட்டரின் ரிப்போர்ட் வந்தது. கவுன்சிலர்களிடம் அதிகாரிகள் முக்கியமான விவரங்களைச் சொல்லாமல் விட்டார்கள், சிலதைத் தப்பாகச் சொன்னார்கள் என்று அதில் இருந்தது. ஓட்டுப் போட்டவர்களுக்கே தெரியவில்லை என்றால், வரி கட்டுகிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலம், கட்டடம் வாங்கும்போது விலை பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு பேச கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம் (1953) அனுமதிக்கிறது. அது சரிதான். ‘நாங்கள் பத்து ரூபாய் வரை தருவோம்’ என்று மைக் போட்டுச் சொன்னால் விற்கிறவன் ஒன்பதேமுக்காலுக்குக்கூட இறங்க மாட்டான். ஆனால் ரகசியம் எதிராளியிடமிருந்துதானே இருக்க வேண்டும்? இங்கே விற்கிறவருக்கு எல்லாம் தெரியும், நடுவில் இருந்தவருக்கும் தெரியும். பணம் கட்டுகிற ஜனங்களுக்குத்தான் தெரியாது. இது எந்த ஊர் ரகசியம்?

2022 ஜூலையில் சமரசம் என்று வந்தது. வழக்கை நடத்தித் தீர்ப்பு வாங்காமல், மாநகராட்சி இரண்டு கட்டடங்களையும் ரொக்கமாக வாங்கிக்கொள்வது. ஆஷ் தெருவுக்கு 8 கோடியே 60 லட்சம், இன்னொன்றுக்கு 4 கோடியே 60 லட்சம். மாநகராட்சியின் சட்ட அதிகாரி மாரா எலியட்டே வேண்டாம் என்றார். மேயர் டாட் குளோரியா வேண்டும் என்றார். 2016-ல் இதே கட்டடத்துக்குக் கவுன்சிலராக இருந்து ஓட்டுப் போட்டவரும் அவர்தான்! கடைசியில் ஆறு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. பேரம் முடிந்தது.

2023-ல் ஹியூஸ் சொந்த ஆதாயச் சட்டத்தை மீறியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 94 லட்சத்தையும் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். சிறையெல்லாம் கிடையாது.

கட்டடம்? அதைக் குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாற்றும் திட்டத்துக்கு 2025-ல் கவுன்சில் ஒப்புதல் கொடுத்தது. முதல் வேலை அந்த ஆஸ்பெஸ்டாஸைச் சமாளிப்பது. அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் இந்தத் தடவை யாரும் பத்தாயிரம் என்று சொல்லவில்லை.