மண்தூசிக்கு ஒரு கருவி, புகைக்கு ஒரு கருவி

ஜொகூரின் கோத்தா திங்கியில் செம்பனைத் தோட்டச் சாலையோரம் குடியிருப்பவர்களுக்குத் தூசி இரண்டு விதமாக வரும். வெயில் நாள்களில் குலை ஏற்றிப்போகும் லோரிக்குப் பின்னால் கிளம்பும் செம்மண் தூசி ஒன்று. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் சுமத்திராவிலிருந்து வரும் புகைமூட்டம் மற்றொன்று. முதலாவதை ஜன்னல் கம்பியில் விரலால் வழித்தெடுக்கலாம். இரண்டாவது எளிதில் எதிலும் படியாது; கண் எரிச்சலிலும் தொண்டைக் கரகரப்பிலும்தான் தெரியும். வீட்டிலேயே குறைந்த செலவில் தூசியை அளக்க நினைப்பவர் முதலில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றைக் காட்டும் கருவி மற்றொன்றைப் பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும்.

எல்லாம் துகளின் அளவு செய்யும் வேலை. தண்ணீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) துகள், அசையாத காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட 11 நிமிடம் போதும். அதே தூரத்தைக் கடக்க 1 மைக்ரான் துகளுக்குச் சுமார் 16 மணி நேரம் பிடிக்கும். புகைத் துகள்களில் பெரும்பாலானவை அதைவிடவும் சிறியவை. மின்விசிறி சுழலும் வீட்டில் அவை மிதந்துகொண்டே இருக்கும்.

விழும் தூசியைப் பிடிக்கக் கண்ணாடிச் சில் போதும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்குமே, அதே சில்தான். அதன்மேல் வாசலினை மிக மெல்லியதாகத் தடவி, மழை படாத இடத்தில், தலை உயரத்தில், ஒரு நாள் முழுக்கக் கிடையாக வைக்க வேண்டும். பிறகு உருப்பெருக்கியில் வைத்துக் கைப்பேசியால் படமெடுக்கலாம். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் 2014இல் வெளியிட்ட மடிப்புக் காகித உருப்பெருக்கியான ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கும். 2 மைக்ரான் வரையிலான நுணுக்கத்தைக் காட்டும். அளவெடுப்பதும் சுலபம். அதே உருப்பெருக்கத்தில் ஓர் அளவுகோலின் மில்லிமீட்டர் கோடுகளையும் படமெடுங்கள். ஒரு மில்லிமீட்டர் 2000 படப்புள்ளிகளில் அடங்கினால் ஒரு புள்ளி அரை மைக்ரான். இனி எந்தத் துகளையும் புள்ளி எண்ணி அளந்துவிடலாம்.

தோட்டப் பக்கத்துச் சில்லில் பார்க்க நிறைய இருக்கும். கூர் முனைகளோடு ஒழுங்கற்ற வடிவில் கிடக்கும் செந்நிறத் துண்டுகள் சாலை மண். சுமார் 10 மைக்ரான் நீளத்தில் பழுப்பு முட்டை வடிவில் தெரிந்தால் கனோடெர்மா பூஞ்சையின் வித்தாக இருக்கலாம். செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் பூஞ்சை அது. முக்கோணமாக இருப்பது செம்பனை மகரந்தம். அதைப் பூவுக்குப் பூ சுமக்கும் ஆப்பிரிக்க வண்டை மலேசியாவில் முதன்முதலாக 1981இல் இதே ஜொகூரில், குளுவாங் மாமோர் தோட்டத்தில்தான் விட்டார்கள். அதற்கு முன் தோட்டத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிய காலம் உண்டு. காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தச் சில்லைப் போல மலிவான ஆசான் வேறில்லை.

ஆனால் புகைமூட்ட நாளில் அதே சில் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். அப்போதுதான் லேசர் உணரி தேவைப்படுகிறது. கூரை இடுக்கு வழியே விழும் வெயில் கீற்றில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிளான்டவர் பிஎம்எஸ்5003 உணரியில் நடப்பதும் அதுதான். தீப்பெட்டி அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் சிறு விசிறி காற்றை இழுக்கும். துகள்கள் லேசர் கற்றையைக் கடக்கையில் சிதறும் ஒளியைப் பக்கவாட்டிலிருக்கும் ஒளியுணரி மின் துடிப்பாக்கும். 0.3 மைக்ரான் துகளைக்கூட அது உணரும். ஒரு சிறு கணினிப் பலகையோடு இணைத்தால் நொடிக்கு நொடி அளவு வந்துவிடும். ஆனால் பெரிய துகள்களை அது ஒழுங்காகப் பிடிப்பதில்லை. லோரி எழுப்பிய செம்மண் முகத்தில் அறைந்தாலும் எண் அவ்வளவாக ஏறாது. அதன் பிஎம் 10 (10 மைக்ரான் வரையிலான துகள்கள்) அளவை நம்பாமல் பிஎம் 2.5 (2.5 மைக்ரான் வரையிலானவை) அளவை மட்டும் எடுத்துக்கொள்வதே சரி.

அந்த அளவிலும் ஒரு சிக்கல் உண்டு: ஈரம். கோத்தா திங்கியில் விடிகாலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். உப்புத் தன்மையுள்ள துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஒளி கூடுதலாகச் சிதறும். உணரி அதைத் தூசி என்றே கணக்கிடும். இதே பிளான்டவர் உணரிகளைக் கொண்ட பர்ப்பிள்ஏர் கருவிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தக் கணக்கு வகுத்திருக்கிறது. காட்டும் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத விழுக்காட்டின் 0.0862 மடங்கைக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். ஈரப்பதம் 90ஆக இருக்கும்போது கருவி 60 காட்டினால் திருத்திய அளவு கன மீட்டருக்குச் சுமார் 29 மைக்ரோகிராம். மலேசியாவின் 24 மணி நேர வரம்பு 35. திருத்தாமல் படித்தால் வரம்பை மீறிய நாள், திருத்தினால் மீறாத நாள். ஆகவே ஈரப்பத உணரியும் கூடவே இருக்க வேண்டும்.

அமெரிக்கக் காற்றுக்கான கணக்கு நம் ஊர்ப் புகைக்கு அச்சாகப் பொருந்தாது. மலேசியச் சுற்றுச்சூழல் இலாகா வெளியிடும் அளவோடு 24 மணி நேரச் சராசரியை ஒப்பிட்டு நமக்கான திருத்தத்தை நாமே கண்டுபிடிக்கலாம். ஆனால் அது எந்த ஆண்டின் அளவு என்பதையும் கவனிக்க வேண்டும். 2013 ஜூன் 23ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, குறியீட்டின் தூசிக் கணக்கில் இருந்தது பிஎம் 10 மட்டுமே. பிஎம் 2.5 அதில் சேர்ந்தது 2018இல்தான். பழைய எண்களைப் புதியவற்றோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

எவ்வளவு என்பதை உணரி சொல்லும். புகை எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு வடிதாள் கைகொடுக்கும். சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வளிமண்டல அறிவியலாளர் வீ. ராமநாதனும் அவர் மகள் நித்யா ராமநாதனும் சக ஆய்வாளர்களோடு 2011இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சிறு பம்பு காற்றை வெள்ளை வடிதாள் வழியே இழுக்கும். படிந்த கறையை ஒரு நிற அட்டையோடு சேர்த்துக் கைப்பேசியில் படமெடுத்தால், கருமையின் அளவிலிருந்து கரியின் அளவைக் கணக்கிடலாம். மீன்தொட்டிப் பம்பின் உறிஞ்சும் வாயில் வடிதாளைப் பொருத்தி நாமும் எளிய வடிவில் செய்து பார்க்கலாம். டீசல் புகை தாளைக் கறுப்பாக்கும். சுமத்திராவில் நெருப்பு தெரியாமல் கனன்று எரியும் கரிச்சதுப்பு நிலத்தின் புகையில் கரி குறைவு, தாள் பழுப்பேறும். பக்கத்துச் செம்பனை ஆலை ஓடும் நாளில் ஒரு தாள், ஓடாத நாளில் ஒரு தாள், புகைமூட்ட நாளில் ஒரு தாள் என எடுத்து, தேதியும் பம்பு ஓடிய நேரமும் எழுதி, ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வைத்தால் ஒப்பிடலாம்.