சின்னஞ்சிறு துப்பாக்கி குறி தவறுவது ஏன்?

கல்லூரியில் படித்த நாளில் நான் தேசிய மாணவர் படையில் இருந்தேன். ஒரு முகாமில் 0.22 அங்குல ரைஃபிளுடன் தரையில் குப்புறப் படுத்து, 25 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கு அட்டையை நோக்கி ஐந்து ரவைகள் சுட்டேன். ஐந்தும் அட்டையில் பட்டன. பெருமை தாங்கவில்லை. "இந்த நீளத் துப்பாக்கியாலேயே இப்படிச் சுட முடிகிறதே, உள்ளங்கையில் அடங்கும் பிஸ்டல் என்றால் இன்னும் எளிதாக இருக்குமே!" என்றேன். பயிற்சி தந்த ஹவில்தார் சிரித்தார். "தம்பி, துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருகும்" என்றார். காரணம் சொல்லவில்லை.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், சிறிய பிஸ்டலைக் கொண்டு குறி தவறாமல் சுடப் பழகும் வழியும் தானே விளங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு சட்டைப்பை பிஸ்டலைப் பார்ப்போம். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தயாரிக்கத் தொடங்கிய 6.35 மி.மீ. பிஸ்டல் அது. மொத்த நீளம் சுமார் 11.4 செ.மீ.; எடை சுமார் 370 கிராம். ஒரு தீப்பெட்டிக்குப் பக்கத்தில் மற்றொன்றை வைத்தால் வரும் நீளம்தான்!

இரண்டு குண்டூசிகளின் பாடம்

துப்பாக்கியின் மேல் இரண்டு குறிகள் உண்டு. கண்ணுக்கு அருகே பின்குறி. குழலின் நுனியில் முன்குறி. பின்குறியின் பிளவுக்கு நடுவே முன்குறி தெரியும்படி பிடித்தால், குழல் இலக்கை நோக்கி நிற்கும். இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்கின்றன என்ற வடிவகணித உண்மைதான் இது. ஆனால் அந்தப் புள்ளிகள் மிக நெருங்கியிருந்தால் என்ன ஆகும்?

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு தடித்த அட்டையை மேசைமேல் அசையாமல் வையுங்கள். அதில் இரண்டு குண்டூசிகளை 30 செ.மீ. இடைவெளியில் செங்குத்தாகக் குத்துங்கள். பின்னூசியிலிருந்து 3 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். ஒரு கண்ணை மூடி, இரு ஊசிகளும் ஒன்றாகத் தெரியும்படி பார்த்து, அந்த நேரில் நண்பரைத் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு முன்னூசியை 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்திக் குத்தி மீண்டும் பாருங்கள். சுவரில் புள்ளி 1 செ.மீ. நகர்ந்திருக்கும். இப்போது ஊசிகளின் இடைவெளியை 3 செ.மீ. ஆக்கி, அதே 1 மி.மீ. நகர்த்துங்கள். சுவரில் புள்ளி 10 செ.மீ. ஓடிவிடும்!

இது வடிவொத்த முக்கோணங்களின் வேலை. இலக்கின் தூரத்தைக் குறிகளின் இடைவெளியால் வகுத்தால் எத்தனை வருகிறதோ, அத்தனை மடங்கு பிழை பெருகும். கண்ணாடிப் பட்டகச் சோதனையில் குண்டூசிகளைத் தள்ளித் தள்ளிக் குத்தும்படி ஆசிரியர் சொல்வதும் இதனால்தான்.

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் இலக்கில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. ரவையின் விட்டம் 4.5 மி.மீ. ரவையின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே 10 கிடைக்கும் என்பதால், மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். குறிகளின் இடைவெளி 30 செ.மீ. என்றால், முன்குறி கால் மில்லிமீட்டர் அளவுக்கு விலகலாம். இடைவெளி 10 செ.மீ. என்றால் 0.08 மி.மீ.தான் விலகலாம். அது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன்! நம் சட்டைப்பை பிஸ்டலின் மொத்த நீளமே 11.4 செ.மீ. என்பதை நினைவிற் கொள்க.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழலின் திசை மாறாமல் கை முழுவதும் 3 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், ரவையும் 3 மி.மீ.தான் விலகும். அது பெருகுவதில்லை. பெருகுவது கோணப் பிழை ஒன்றே. ஆகவே கை சற்று ஆடுவதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, இரு குறிகளும் ஒன்றுக்கொன்று விலகாமல் காப்பதே முக்கியம். நம் கண் ஒரே நேரத்தில் பல தூரங்களைத் தெளிவாகப் பார்க்காது. எனவே தேர்ந்த வீரர்கள் முன்குறியின் மீதே பார்வையை நிறுத்துகிறார்கள்; இலக்கு மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

விரல் செய்யும் வினை

அடுத்தது டிரிக்கர். பைக்குள் தவறி வெடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சிறிய பிஸ்டல்கள் பலவற்றில் டிரிக்கரைக் கடினமாக அமைப்பார்கள். அதை இழுக்க 2.5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை என்று கொள்வோம். விரல் நேர் பின்னே இழுக்காமல் 5 பாகை மட்டும் சாய்ந்து இழுத்தால், விசையின் பக்கவாட்டுக் கூறு சுமார் 220 கிராம் எடைக்குச் சமம். துப்பாக்கியின் எடையோ 370 கிராம்! அது திரும்பாமல் என்ன செய்யும்?

போட்டி ஏர் பிஸ்டலைப் பாருங்கள். விதிப்படி டிரிக்கருக்கு 500 கிராம் இழுப்பு இருந்தால் போதும். துப்பாக்கி 1,500 கிராம் வரை இருக்கலாம். அதே 5 பாகைச் சாய்வில் பக்கவாட்டு விசை 44 கிராம்தான். எடை மிகுந்த பொருளுக்கு நிலைமமும் மிகுதி, எளிதில் அசையாது.

உதைக்கு முன்பே அஞ்சும் கை

பின்னுதைப்பை எல்லோரும் அறிவோம். உந்த அழிவின்மை விதிப்படி, குண்டு முன்னே பெறும் உந்தத்தைத் துப்பாக்கி பின்னே பெறுகிறது. நம் பிஸ்டலின் குண்டு சுமார் 3.2 கிராம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர். வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டாலும், 370 கிராம் பிஸ்டல் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது. ஒரு கிலோ எடை இருந்தால் அந்த வேகம் முக்கால் மீட்டருக்கும் குறைவாக இருந்திருக்கும்.

"இந்த உதையால்தான் குறி தவறுகிறது" என்று பலர் எண்ணுவர். அது முழு உண்மை அன்று. குண்டு அந்தக் குட்டைக் குழலைக் கடக்க அரை மில்லி விநாடிதான் ஆகிறது. அதற்குள் துப்பாக்கி பின்னே நகர்வது அரை மில்லிமீட்டர் அளவே. மணிக்கட்டு துள்ளுவதெல்லாம் பெரும்பாலும் குண்டு போன பிறகுதான்.

பின் எங்கே தவறு? மனத்தில்! மனிதனின் எதிர்வினைக்கு ஏறத்தாழ 0.2 விநாடி வேண்டும். எனவே குண்டு குழலுக்குள் இருக்கையில் கை உதைக்கு எதிர்வினை காட்ட முடியாது. ஆனால் உதை வரப்போகிறது என்று தெரிந்த கை, வெடிக்கும் முன்பே இறுகிக் கீழே அழுத்துகிறது. குண்டு இலக்குக்குக் கீழே போகிறது. உதைக்கு அஞ்சியதே பிழை, உதை அன்று.

மிகச் சிறிய ஒன்று

உதையே இல்லாத அளவுக்குச் சிறிதாகச் செய்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். ஆஸ்திரியக் கடிகாரத் தொழிலாளர் ஃபிரான்ஸ் பானல் 1914-இல் வெளியிட்ட 'கோலிப்ரி' பிஸ்டலின் குண்டு 2.7 மி.மீ. விட்டமும் 0.2 கிராம் எடையும் கொண்டது. உதை மிகச் சொற்பம். ஆனால் அவ்வளவு நுண்ணிய குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் அமைக்கப்படவில்லை. அந்த வரிகள்தாம் குண்டைச் சுழல வைப்பவை. சுழலும் பம்பரம் நிற்பது போலச் சுழலும் குண்டுதான் நேரே செல்லும். ஆகவே கோலிப்ரியில் கை பிழை செய்யாவிட்டாலும் குண்டு பிழை செய்யும்!

பழகும் முறை

இனி, சிறிய பிஸ்டலால் குறி தவறாமல் சுடும் வழியை நீங்களே ஊகிக்கலாம். கோணப் பிழை தூரத்தோடு பெருகுவதால், முதலில் 3 அல்லது 5 மீட்டரில் பழக வேண்டும். பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, உறுதியாக அமைத்துக்கொள்ள வேண்டும். விதி அனுமதித்தால் இரு கைகளாலும் பிடிக்கலாம். டிரிக்கரை வெடுக்கென்று இழுக்காமல், நேர் பின்னே சீராக அழுத்த வேண்டும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று கைக்கே தெரியாதிருப்பது நல்லது. வெடித்த பிறகும் ஒரு கணம் குறியைப் பார்த்தபடியே நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்தது ரவையில்லாப் பயிற்சி. துப்பாக்கி காலியாக இருப்பதைப் பயிற்சியாளர் உறுதி செய்தபின், முன்குறிக்கு அருகில் ஒரு நாணயத்தை வைத்து டிரிக்கரை அழுத்துவார்கள். நாணயம் விழாமல் இருந்தால் விரல் தேறிவிட்டது. ஒலியும் உதையும் இல்லாததால் கை அச்சத்தை மறக்கக் கற்றுக்கொள்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றாரே, அந்தப் போட்டியிலும் இறுதியில் அளக்கப்படுவது விரலின் அமைதிதான்.

இவையெல்லாம் உரிமம் பெற்ற பயிற்சிக் களத்தில், பயிற்சியாளரின் கண்ணெதிரே செய்ய வேண்டியவை. சிறிய துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாக எண்ணுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குறி தவறிய குண்டு மறைந்துபோவதில்லை. எங்கேயோ, யார் மீதோ போய்ச் சேர்கிறது. 1 மி.மீ. பிழை 10 மீட்டரில் 10 செ.மீ. ஆகிறது, 100 மீட்டரில் அதுவே ஒரு மீட்டர்.

ஹவில்தார் காரணம் சொல்லாமல் விட்டதில் எனக்கு இப்போது வருத்தமில்லை. இன்று என் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஊசிகளை நெருக்கிக் குத்தும்போதெல்லாம் அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். பிறகு, இரண்டு குண்டூசிகளைக் கொடுத்துக் காரணத்தை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.